ஒன்றாம் நம்பர் கவர்

டிரம்மைக் கவிழ்த்த அன்று அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன். அபார்ட்மெண்டுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிற வழியில் பெரியப்பாவும் உடுப்போடு வந்து நின்றார். கவர் மட்டும் இல்லை. அது இருக்கக் கூடாது என்றுதான் தொண்ணூறு நாள் காத்திருந்தோம்.

அப்பா அடுகோடிப் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடம் பிளாஸ்டிக் கவர் ஊதும் மெஷின் ஓட்டியவர். பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததும் முதலாளி தொழிலை விட்டுவிட்டு மெஷினை அப்பாவுக்கே வாடகைக்குக் கொடுத்தார். கவருக்கான மூலப்பொருள் அரிசிக் குருணை போல மூட்டையில் வரும்; தானா என்போம். மக்காச்சோள மாவில் செய்த தானா வந்திருக்கிறது, அதில் ஊதிய கவர் தொண்ணூறு நாளில் மண்ணோடு உரமாகிவிடும் என்று ஒரு வியாபாரி சொன்னார். அப்பா ஒரே ஒரு மூட்டை வாங்கினார். பழைய சூட்டில் ஓட்டியபோது ரொட்டி தீய்கிற வாசனையோடு கருகியது. சூட்டைக் குறைத்தால், குழாய் போல ஊதி எழும்பும் தாள் நிற்காமல் சரிந்தது. ஒரு வாரம் மல்லுக்கட்டி, பால் நிறத்தில் கவர்களை எடுத்தார்.

அதில் முதலாவதை என்னிடம் தந்து நம்பர் போடச் சொன்னார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மார்க்கரில் பெரிதாக '1' என்று எழுதினேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு நீல டிரம்மில் சாணி, காய்கறிக் கழிவு, வாழைத்தண்டு எல்லாம் போட்டு அதன் நடுவில் கவரைப் புதைத்தார். தினமும் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

பெரியப்பா போகும்போதும் வரும்போதும் டிரம்மைத் தட்டுவார். "கவரு மண்ணாப் போவுதா, நீ மண்ணாப் போறியான்னு பாத்துடலாம்டா. எங்க சூப்பர்வைசர்கிட்ட உனக்கு ஒரு உடுப்பு சொல்லி வெச்சிருக்கேன்." அப்பா சிரிப்பார். எனக்கு அந்த உடுப்பின் மேல் அப்படி ஒரு வெறுப்பு.

எண்பத்தொன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிரம்முக்குள் கைவிட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வாழைத்தண்டு போன இடம் தெரியவில்லை. கவர் முழுசாக வந்தது. என் '1' அப்படியே இருந்தது.

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கவரை மடித்துப் புத்தகப் பையில் திணித்தேன். உரத்தைச் சமமாகத் தடவிவிட்டேன்.

மறுநாள் அப்பா முழங்கை வரை கைவிட்டுத் தேடினார். பிறகு டிரம்மையே சாக்கின் மேல் கவிழ்த்து, முறத்தில் அள்ளிச் சலித்தார். பெரியப்பா, போதும் விடுடா, ஜெயிச்சுட்டே என்றார். அப்பா விடவில்லை.

"ஒரு தும்பாவது இருக்கணுமே," என்றார். என் பக்கம் திரும்பி, "நீ எதுனா கிளறினியாப்பா?"

"தண்ணி மட்டும்தான் ஊத்துனேன்."

என் சொல்லை நம்பித்தான் அப்பா ஒரு லோடு தானா எடுத்தார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது.

இரண்டு மாதம் கவர் நன்றாகப் போனது. ஒரு ஸ்வீட் கடைக்காரர் ஒன்றை லேபுக்கு அனுப்பினார். இங்கிலீஷில் வந்த ரிப்போர்ட்டை அப்பாவுக்குப் படித்துச் சொன்னவனும் நான்தான். வியாபாரி மாவோடு பிளாஸ்டிக்கைக் கலந்திருக்கிறார். கடைகள் கவரைத் திருப்பி அனுப்பின. வியாபாரியின் போன் அணைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் நல்ல கவரை யாரும் எறிய மாட்டார்கள். அம்மா கழுவிக் காயவைத்து மடித்து மெத்தைக்கு அடியில் சேர்ப்பாள். ஒருநாள் அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் அடுப்படி ஆணியையே பார்த்தார். காய்ந்த மிளகாயோடு ஒன்றாம் நம்பர் கவர் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஏது?"

"இவன் ஸ்கூல் பையத் தோய்க்கச்சே இருந்துச்சு. கெட்டியா இருக்குதேன்னு எடுத்து வெச்சேன்."

அப்பா எழுந்து போய் அந்த '1'ஐக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அப்பவே இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது கவர் ஆணியில் இருந்தது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பெரியப்பாவோடு உடுப்புப் போட்டுக்கொண்டு போனார்.

இன்று ஓர் ஆய்வகத்தில், செடிகொடிகளிலிருந்து செய்த உறைகளை உரத்தில் புதைத்து எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. மக்காததை மக்கவில்லை என்று எழுதச் சம்பளம் தருகிறார்கள். அப்பா அந்த டிரம்மிடம் வரம் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் கேள்விதான் கேட்டிருந்தார். அதற்கு டிரம் உண்மையைச் சொன்னது, நான் குறுக்கே புகுந்து வேறு பதில் சொன்னேன். இது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. நான் கவரை அங்கேயே விட்டிருந்தால் நஷ்டம் ஒரு மூட்டையோடு நின்றிருக்கும். கடைசியில், திரும்பி வராத சங்கிலியையும் சேர்த்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.