ஆஸ்டின் வண்டியின் இரண்டாம் எஞ்சின்

1947 ஆகஸ்ட் 4: ஆஸ்டின் வண்டி, 1938 மாடல், ரூ. 3,200.
1961 ஜனவரி 22: கல்யாண வாடகை, ரூ. 35 (திருப்பிக் கொடுத்தது).
1961 மார்ச் 9: கோவையில் பழைய எஞ்சின், ரூ. 1,350.
1961 மார்ச் 11: லாரிக் கூலி, ரூ. 40.
1961 ஏப்ரல் 1: மதுரையில் கடைசல் வேலை, ரூ. 62.50.
1961 ஏப்ரல் 5: உடைந்த எஞ்சின் இரும்புக்கடைக்கு, ரூ. 38.

மேலே உள்ளது பள்ளங்கி கிராமத்துப் பொன்னுவேலின் கணக்கு. கடைசி வரியில் இருக்கும் முப்பத்தெட்டு ரூபாய் வியாபாரம்தான் அவருடைய டாக்சியைப் பதினோரு மாதம் வாசலில் நிறுத்தியது.

பொன்னுவேல் 1914இல் பிறந்தார். அவருடைய அப்பா, மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு, துரைமார்களை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து மலையேறிய எட்டுப் பேரில் ஒருவர். பொன்னுவேல் காய்கறி லாரியில் கிளீனராகச் சேர்ந்து, 1936இல் லைசென்ஸ் வாங்கி, யுத்தத்தின்போது நான்கு வருஷம் ராணுவ லாரி ஓட்டினார். திரும்பி வந்து, கையில் இருந்த பணத்துக்கு அந்த ஆஸ்டினை வாங்கி, கொடைக்கானலில் டாக்சி ஓட்டினார். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். பேச்சு குறைவு. எந்தப் பயணியிடமும் சாமானைத் தூக்கக் கூலி கேட்டதில்லை.

நான் வெள்ளியருவிக்கு மேலே இருந்த சுங்கச்சாவடியில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தேன். ஏறும் இறங்கும் வண்டிகளின் நேரத்தைக் குறிப்பது என் வேலை. பொன்னுவேலின் ஆஸ்டின் வத்தலக்குண்டிலிருந்து சாவடிக்கு வர சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். வழியில் மூன்று இடங்களில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும். கொதித்தால் எஞ்சினை அணைக்காமல் கால்மணி நேரம் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். பதினான்கு வருஷமாக அவர் அப்படித்தான் செய்துவந்தார்.

1961 ஜனவரி 22 ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனும் அவர் குடும்பமும் இருந்தார்கள். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். அருவிக்கு அருகே வண்டி கொதித்து நின்றபோது மணி எட்டு பத்து.

"ஏம்ப்பா, தாலி கட்டி, பந்தி முடிஞ்சு, எலை எடுத்த பொறகா எங்களக் கொண்டுபோய் விடுவ?" என்றார் தாய்மாமன்.

"கொஞ்சம் ஆறட்டுங்க."

"நீ ஆறு. நாங்க நடக்கோம். ஏ பிள்ளைகளா, எறங்குங்க வெரசா!"

பொன்னுவேல் அருவித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு அப்படியே ஊற்றிவிட்டார். ஜனவரி மாதத்துத் தண்ணீர். எஞ்சினின் பக்கச் சுவரில் ஒன்பது அங்குல நீளத்துக்கு விரிசல் விட்டது. குடும்பம் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போனது. வாடகையைப் பொன்னுவேல் ஜன்னல் வழியாக நீட்டித் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியைக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த லூர்துசாமியின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். லூர்துசாமிக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மிஷன் பங்களாக்களின் ஜெனரேட்டர்களைப் பழுது பார்த்துப் பழகியவர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எண்கள் நன்றாகத் தெரியும்.

"ஒட்ட வச்சா பெருமாள்மலை வரைக்கும் ஓடும்லே. அங்கேயிருந்து நீ வண்டியச் சொமக்கணும்," என்றார் அவர்.

"எங்கப்பன் சொமந்ததே போதும் மேஸ்திரி. வேற வழி சொல்லுங்க."

வேறு வழி, வேறு எஞ்சின். கோவையில் ஒரு பழைய சாமான் கடையில் விபத்தில் நொறுங்கிய அம்பாசிடர் ஒன்றின் எஞ்சின் இருந்தது. 1959 மாடல். ஆஸ்டினைவிட இருபத்தொரு வயது இளையது. கியர் பெட்டியோடு சேர்த்து வாங்கி, லாரியில் ஏற்றி வந்தார்கள்.

அதைப் பொருத்த ஐந்து வாரம் ஆயிற்று. எஞ்சினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி முன்அச்சில் இடித்தது. லூர்துசாமி அந்தத் தொட்டியை வெட்டி, ஒரு பக்கம் ஒடுக்கி, பற்றவைத்தார். புது கியர் பெட்டி நீளமாக இருந்ததால், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை மதுரையில் நாலேகால் அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. எஞ்சின் உட்காரும் தாங்கிகளை மூன்று முறை செய்து, மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டார். ஆஸ்டினுக்கு ஆறு வோல்ட் பேட்டரி. புது எஞ்சினுக்குப் பன்னிரண்டு. விளக்குகளை மாற்றியவர் ஹார்னை மறந்துவிட்டார். முதல் தடவை அழுத்தியபோது பட்டறைக்கு எதிரே கட்டியிருந்த மட்டக்குதிரை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"மேஸ்திரி, இது ஹார்னா, கடைசி நாள் எக்காளமா?" என்று கேட்டார் குதிரைக்காரர்.

"உன் குதிரை இம்புட்டு வேகமா ஓடி இன்னைக்குத்தானே நீயே பாக்க. காசு குடுத்துட்டுப் போ," என்றார் லூர்துசாமி.

ஏப்ரல் 19ஆம் தேதி முதல் ஏற்றம். வத்தலக்குண்டிலிருந்து சாவடிக்கு ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடம். தண்ணீருக்காக ஓரிடத்திலும் நிற்கவில்லை. நான் நேரத்தை இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 27ஆம் தேதி பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிகளைச் சோதிக்க மலைக்கு வந்தார். டாக்சிக்கு அவருடைய சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் பர்மிட் புதுப்பிக்க முடியாது. பொன்னுவேலின் பர்மிட் 1962 மார்ச் 31 வரைதான். அதற்காகக் காத்திருப்போர் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒரு முறை விட்டால் இந்த ஆயுளில் திரும்பக் கிடைக்காது.

இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். மூடியைத் திறந்து, எஞ்சினில் அறைந்திருந்த தகட்டைத் துடைத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். 48217. இரண்டும் ஒன்றாக இருந்தன. அதுதான் வினையாயிற்று.

"இது அம்பாசிடர் எஞ்சின் ஆச்சே. இதுல எப்படிய்யா ஆஸ்டின் நம்பர் வந்தது?"

லூர்துசாமி சந்தோஷமாக முன்னால் வந்தார். "நாந்தான் சார் மாத்தினேன். புக்குல உள்ள நம்பர் தப்பிரக் கூடாதுல்ல? பழைய தகட்டக் கழத்தி இதுல அடிச்சேன்."

"இதுல இருந்த தகடு?"

"அத உடைஞ்ச எஞ்சின்ல அடிச்சுட்டேன் சார். அது மட்டும் நம்பரில்லாம கெடக்கலாமா?"

"அந்த எஞ்சின் எங்கே?"

"திண்டுக்கல் இரும்புக்கடைக்குப் போயிருச்சு சார்."

இன்ஸ்பெக்டர் எஞ்சின் மூடியைச் சாத்தினார். "திருட்டு எஞ்சின் வாங்குறவன் என்ன செய்வானோ, அதை ஒண்ணு விடாமச் செஞ்சிருக்கீங்க," என்றார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். எஞ்சினின் உண்மையான எண்ணையும், அது யாருடையதாக இருந்தது என்பதையும் நிரூபித்தால் புத்தகம் திரும்ப வரும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் கடையில் விசாரித்தபோது, அந்த எஞ்சின் உருக்குப் பட்டறைக்குப் போய்விட்டது என்றார்கள். கோவைக் கடை கொடுத்த ரசீதில் "பழைய எஞ்சின் ஒன்று" என்று மட்டுமே இருந்தது. லூர்துசாமிக்கு எண் நினைவில்லை. பொன்னுவேல் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பூம்பாறைப் பூண்டு லாரி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தினமும் காலையில் ஆஸ்டினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு, லாரிக்குப் போவார். அவருடைய மனைவி அன்னக்கொடி வண்டிக் கூரைமேல் பூண்டு காயப் போட்டார்.

"நின்ன எடத்துலயே பெட்ரோல் குடிக்கு. மாடுன்னா சாணியாச்சும் போடும்," என்பார்.

ஆகஸ்ட் 14ஆம் தேதி லூர்துசாமி வத்தலக்குண்டு போகும் பஸ்ஸில் வந்தவர், சாவடியில் இறங்கி என்னிடம் தண்ணீர் கேட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எப்படி இருக்க? ஒரு நம்பருக்காக ஒருத்தன் சோத்துல மண்ணப் போட்டுட்டு இருக்கேன். லாரில கொண்டாந்தப்ப ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும் சோலி."

எண்தான் குறை என்பது எனக்கு அதுவரை தெரியாது. பர்மிட் தகராறு என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன், விசாரிக்கவில்லை. லாரியில் வரும் பொருளில் எண் ஏதாவது பொறித்திருந்தால் அதையும் பதிவேட்டில் எழுதுவது என் வழக்கம். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. வீண் மை என்று மேலதிகாரி ஒருவர் கண்டித்ததும் உண்டு. மார்ச் மாதப் பதிவேட்டை எடுத்தேன். 11ஆம் தேதி, மாலை 4.05: "பழைய எஞ்சின் 1, தகட்டு எண் 60935." இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கிப்போன நாளிலிருந்து நூற்றொன்பது நாள், அது நான் உட்காரும் இடத்திலிருந்து ஆறடி தூரத்து அலமாரியில் இருந்திருக்கிறது.

லூர்துசாமி அந்த வரியைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "ஐயா, இத முந்தியே சொல்லப்படாதா?"

நான் ஒரு தாளை எடுத்து அந்த வரியை நகல் எழுதத் தொடங்கினேன்.

அதன்பின் எல்லாம் கடிதங்கள். பொன்னுவேல் லாரியோடு தினமும் சாவடியைக் கடப்பதால், பதில்கள் என் முகவரிக்கே வந்தன. பதிவேட்டின் நகல் ஆகஸ்ட் 21ஆம் தேதி கோவைப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனது. அந்த எண் உள்ள எஞ்சின் விபத்தில் அழிந்த ஒரு காருடையது, திருட்டு அல்ல என்று அக்டோபர் 9ஆம் தேதி பதில் வந்தது. ஆனால் அதை விற்றதற்குக் கார் சொந்தக்காரரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி. மூன்று முறை எழுதிய பிறகு, டிசம்பர் 18ஆம் தேதி ஒரு கார்டில் நான்கு வரி எழுதினார். எல்லாவற்றையும் சேர்த்து ஜனவரி 5ஆம் தேதி மதுரையில் இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்கு அனுப்பினோம். பிப்ரவரியில் ஒன்றும் வரவில்லை. மார்ச்சில் பொன்னுவேல் லாரியை நிறுத்துவார், நான் இல்லையென்று தலையை அசைப்பேன், அவர் போய்விடுவார்.

மதுரையிலிருந்து பதில் வந்த நாளில் அவர் லாரியிலிருந்து இறங்காமல் இருக்கையில் இருந்தபடியே கேட்டார். சான்றுகளை ஏற்றுக்கொண்டதாகவும், மார்ச் 31ஆம் தேதி பகல் ஒரு மணிக்குள் வண்டியை மதுரைக்குக் கொண்டுவந்து எண்ணைப் பதித்துக்கொள்ள வேண்டும், தவறினால் பர்மிட் ரத்தாகும் என்றும் எழுதியிருந்தது. நான் இரண்டு முறை வாசித்தேன்.

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"வெள்ளனே கெளம்பிருவேன்," என்றார். "பதினோரு மாசமாச் சூடு பண்ணி வச்சிருக்கேன்ல."

மறுநாள் காலை 5.10க்கு ஆஸ்டின் சாவடியை இறங்கிக் கடந்தது. லூர்துசாமி முன்னால் உட்கார்ந்திருந்தார். கூரையின் ஓரத்தில் ஒரு பூண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மாலை 5.32க்கு ஏறி வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். பர்மிட் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 48217 என்ற தகட்டை லூர்துசாமியின் கையாலேயே கழற்றச் சொன்னாராம் இன்ஸ்பெக்டர்.

பொன்னுவேல் அந்த வண்டியை மேலும் ஆறு வருஷம் ஓட்டினார். ஆர்.சி. புத்தகத்துக்குள் மதுரைக் கடிதத்தை நான்காக மடித்து வைத்திருப்பார். 1968இல் வண்டியை விற்றபோது அதை என்னிடம் கொடுத்தார். அதன் மேல்மூலையில், பெறும் கடிதங்களில் எல்லாம் குறிப்பதைப்போல், வந்த தேதியை எழுதியிருக்கிறேன்: 30.3.1962.