யாரும் விழாத படங்கள்

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போய், கழுவக் கொடுத்திருந்த ஃபிலிம் ரோலை வாங்கினேன்.

ரயில் போன பிறகு வெறிச்சோடிக் கிடந்த பிளாட்பாரம். வாசல் வெயிலில், யாரும் உட்காராத என் இரண்டாவது நாற்காலி. நான் எடுப்பதெல்லாம் இப்படித்தான்.

ஸ்டுடியோக்காரர் கவரை நீட்டினார். "என்னா சார், ஒண்ணுலயும் ஆளே விழலியே? ரோல் வேஸ்டாப் போச்சே!"

"வேணும்னேதான் அப்படி எடுத்தேன்."

அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "நாற்காலி படத்துல மட்டும் ஒரு நிழல் விழுந்து கெடுத்திருந்துது சார். நெகட்டிவ்லயே பென்சில் வச்சு அழிச்சுட்டேன். இப்ப சுத்தமா இருக்குது பாருங்க."

அது என் நிழல். ரோல் முழுவதிலும் விழுந்திருந்த ஒரே ஆள்.

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நண்பர்களே, உங்களில் யாரிடமாவது நான் விழுந்த படம் இருந்தால் சொல்லுங்கள். அந்த ஸ்டுடியோக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.