சீமை வண்டியும் பம்பாய் வண்டியும்: தியாகராய நகரிலிருந்து திருவான்மியூருக்கு ஒரு சனிக்கிழமை

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் இரண்டு கார்களில் திருவான்மியூர் போய் வந்தோம். காய்ச்சலில் கிடந்த என் பெண் பட்டு எழுந்து நடமாடினால் மருந்தீசுவரருக்கு அபிஷேகம் செய்வதாக என் மனைவி ராஜம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம் என்று குருக்கள் சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு நேரம் கொடுத்தார். இது எல்லோருக்கும் தெரிந்த காரணம். என் ஷட்டகர் சுந்தரத்தின் புதுக் கார் அந்த மணல் ரோட்டில் படப்போகும் பாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த காரணம்.

சுந்தரம் ராஜத்தின் தங்கை கோமதியின் புருஷன். என்னைவிட நாலு வயது சின்னவன். மாம்பலத்தில், இப்போது தியாகராய நகர் என்கிறார்களே, அங்கே புது வீடு கட்டினான். அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் சீமையிலிருந்து முழுசாகக் கப்பலில் வந்து இறங்கிய பச்சை நிறக் கார் ஒன்றை வாங்கிவிட்டான். நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல். உள்ளே உட்கார்ந்தால் தோல் வாசனை. ஓட்டுவதற்குக் காதர் பாய் என்று மீர்சாகிப்பேட்டைக்காரர் ஒருவர்.

என்னுடையது அமெரிக்காவில் செய்து, பெட்டி பெட்டியாக வந்து, பம்பாயில் பூட்டிய வண்டி. வாங்கியது இரண்டாம் கையாக. மேலே துணிக் கூரை, பக்கங்களில் ஒன்றுமில்லை. பூட்டிய கை நம்மவர் கை, அதனால் இது பாதி சுதேசி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. "திருகாணியை முடுக்கினா சுதேசி ஆயிடுமா ஓய்?" என்று சுந்தரம் சிரிப்பான். அவன் சிரிப்பில் விஷம் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காலை எட்டேகாலுக்கு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து கிளம்பினோம். லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக மாம்பலம் மூன்று மைல். எட்டு முப்பத்தைந்துக்கு சுந்தரத்தின் வாசலில் நின்றோம். அங்கே கோமதி இன்னும் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். கட்டுச்சாதம் தயாராகிப் புறப்படப் பத்து மணி ஆகும் என்றாள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதற்குத்தான் நம்மவர்களிடம் பரஸ்தானம் இருக்கிறதே.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், பிரயாணத்துக்கு வேண்டிய சாமான் ஒன்றை நல்ல நேரத்திலேயே கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே பிரயாணம் தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் கிளம்பி, போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போகலாம்.

"அத்திம்பேர், ரெண்டு வண்டிலேர்ந்தும் ஆளுக்கொரு சாமானை எடுத்துண்டு போய் மூணாம் ஆத்து நாயுடு கிட்டே வெச்சுட்டு வந்துடுங்கோ, ஒம்பது அடிக்கறதுக்குள்ளே" என்றாள் கோமதி, அடுப்படியிலிருந்தே.

காதர் பாய் டீ குடிக்கப் போயிருந்தார். சுந்தரம் குளித்துக்கொண்டிருந்தான். என் வண்டியிலிருந்து துண்டுப் பையை எடுத்தேன். அப்புறம் பச்சை வண்டியின் கதவைத் திறந்தேன். எடுப்பதற்கு விசிறி இருந்தது, குடை இருந்தது. நான் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் தோல் பை ஒன்றில் ஸ்பானர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றில்கூட எண்ணெய்க் கறை இல்லை. என் ஸ்பானர்கள் கோணிச் சாக்கில் கிடப்பவை. ஒவ்வொன்றும் என் விரலைப் பதம் பார்த்தவை. இவனுக்கு இது எதற்கு என்று தோன்றியது. அந்தப் பையைத்தான் எடுத்துக்கொண்டு போய் நாயுடு வீட்டு ரேழியில் வைத்தேன். அந்த நிமிஷம்வரை என் மனத்தில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பொறாமையைத் தவிர.

பத்து மணிக்குக் கிளம்பும்போதுதான் அது நடந்தது. ராஜம் பட்டுப் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு பச்சை வண்டியில் ஏறினாள்.

"இதுலே புழுதி வராது. தலையும் கலையாது. கோமதியோட பேசிண்டே வரேனே" என்றாள்.

"நானும் இதுலே! கண்ணாடி ஏறி எறங்கறதுப்பா!" என்று பட்டுவும் அதில் தாவினாள்.

என் வண்டியில் ஏறியவை கட்டுச்சாதக் கூடை ஒன்று, தண்ணீர்க் குடம் ஒன்று. கார் போனால் போகட்டும், வீடு போனால் போகட்டும், பெண்டாட்டியும் பெண்ணும்கூடவா அவன் வண்டியில் போக வேண்டும்?

காதர் பாயிடம் யாரும் பரஸ்தானம் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். அவர் நாயுடு வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் வந்த நான் நிறுத்தினேன். ரேழியில் இரண்டு பைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் துண்டுப் பையை மட்டும் எடுத்தேன்.

"அதுவும் உங்களுதுதானே ஐயரே, எடுத்துக்கலையா?" என்று கேட்டார் நாயுடுவின் சம்சாரம்.

"அவா வந்து எடுத்துப்பா" என்றேன்.

இப்போது ரோட்டைப் பற்றி. மாம்பலத்திலிருந்து தேனாம்பேட்டைக்கு வந்து, மௌபரீஸ் ரோட்டைப் பிடித்து அடையாற்றுப் பாலம் வரை மூன்றரை மைல். நல்ல ரோடு, இரு பக்கமும் மரம். இந்தத் தூரத்தில் சீமை வண்டிக்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சத்தமே கிடையாது. ஒரு காலன் பெட்ரோலுக்கு முப்பத்திரண்டு மைல் கொடுக்கிறதாம். என்னுடையது பதினெட்டு கொடுத்தால் பெரிது. பெட்ரோல் விற்கும் ஒரு ரூபாய் ஒன்பதணாவுக்கு இது சின்ன விஷயமில்லை. முன்னால் போன வண்டியின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்து சிரிப்பது தெரிந்தது. இந்த ஆறு வருஷத்தில் என் வண்டியில் ராஜம் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை.

பாலத்தைத் தாண்டினால் திருவான்மியூர் இரண்டரை மைல். முதல் ஒரு மைல் பரவாயில்லை. அப்புறம் சவுக்குத் தோப்பும் பனைமரமும் மணலும்தான். சீமை வண்டிக்கு வயிறு தாழ்வு. சக்கரத்தடத்துக்கு நடுவில் இருக்கும் மேட்டில் தட்டிக்கொண்டே போனது. என் வண்டி உயரம், மணலில் அலட்டிக்கொள்ளாது. பத்து நாற்பதுக்கு, நான் ஆசைப்பட்டபடியே, பச்சை வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

காதர் பாய் மூடியைத் திறந்து பார்த்தார். "பெட்ரோல் வர்ற பைப்பு அடச்சிக்கினு கீது சாமி. ஒரே ஒரு நட்டு. கயட்டி ஊதிட்டா ஓடிடும்" என்றவர் சீட்டைத் தூக்கினார். குனிந்தவர் நிமிரவில்லை. "இங்கதான சாமி வச்சேன்... காத்தால தொடச்சி, என் கையால வச்சேன்."

நான் பெரிய மனது பண்ணி என் கோணிச் சாக்கை அவிழ்த்தேன். காதர் பாய் ஒவ்வொரு ஸ்பானராக வைத்துப் பார்த்தார். ஒன்று தொளதொளவென்று ஆடியது. அதற்கடுத்த சின்னது ஏறவே இல்லை. "சீமை நட்டுக்கு அளவே வேற சாமி, அமெரிக்கா ஸ்பானரு உக்காராது. முரட்டுத்தனமா திருப்பினா நட்டு மொழுகிடும்" என்றார்.

சுந்தரத்துக்கு முகம் சிவந்தது. அவன் கோபித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "போன மாசம் காத்தடிக்கிற பம்பைக் காணோம். இப்போ பையைக் காணோம். எங்கேய்யா வித்தே?"

"அல்லா மேல ஆணையா நான் எடுக்கல சாமி."

"பின்னே பைக்குக் கால் முளைச்சுதா? திங்கட்கிழமையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

காதர் பாய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த கையையே மறுபடி மறுபடி. பை இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்குள் சுந்தரம் என் பக்கம் திரும்பி, "ஓய், உம்ம பம்பாய் வண்டிதான் இன்னிக்கு மானத்தைக் காப்பாத்தணும். எல்லாரையும் ஏத்திண்டு போம்" என்று சொல்லிவிட்டான். அந்த வார்த்தைக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்! ராஜம் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டு அவள் மடியில். பின்னால் சுந்தரமும் கோமதியும், கால்மாட்டில் கூடை. காதர் பாய் பச்சை வண்டியோடு நின்றுவிட்டார். மணலில் என் வண்டி சொகுசாகப் போயிற்று. "யானை மாதிரி போறதே!" என்றான் சுந்தரம். என் காதில் தேன் பாய்ந்தது. ராஜத்தின் கண் மட்டும் என் காலடியில் கிடந்த துண்டுப் பையின்மேல் இருந்தது.

பதினொன்று பத்துக்குக் கோயில். அபிஷேகம் திருப்தியாக நடந்தது. பிரகாரம் சுற்றும்போது ராஜம் என் பக்கத்தில் வந்தாள்.

"தோல் பையைத் தூக்கிண்டு நீங்கோ நாயுடு ஆத்துக்குப் போனதை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"துண்டுப் பை வந்துடுத்து. அது மட்டும் ஏன் வரலைன்னு நான் கேக்கப்போறதில்லே. அந்த மனுஷனுக்கு வேலை போயிண்டிருக்கு. நீங்களா சொல்லுங்கோ. நான் சொன்னா நன்னா இருக்காது."

பன்னிரண்டுக்கு நடை சாத்தினார்கள். குளக்கரையில் புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிட்டோம். ஒரு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் பச்சை வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. காதர் பாய் வெயிலில் பாலம் பக்கம் நடந்து போய், அடையாற்றில் ஒரு துரை பங்களா டிரைவரிடம் சீமை ஸ்பானர் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். துரைமார் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மனிதர், மூன்று மைலுக்குக் குறையாமல் நடந்து, அந்த வண்டியைச் சரிசெய்து நிறுத்தியிருந்தார்.

நான் இறங்கிப் போனேன். "சுந்தரம், பாய் மேலே தப்பில்லே. பை நாயுடு ஆத்துலே இருக்கு. பரஸ்தானத்துக்கு நான்தான் கொண்டுபோய் வெச்சேன்" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "எடுத்துக்க மறந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை கூடவே வந்துவிட்டது.

சுந்தரம் ஒரு நிமிஷம் முழித்தான். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஸ்பானரைப் பரஸ்தானம் வெச்சவர் உலகத்திலேயே நீர் ஒருத்தர்தான் ஓய்!" அதே மூச்சில் காதர் பாயிடம் போய், "பாய், என் வாய் தப்பு. மனசுலே வெச்சுக்காதே" என்றான். காதர் பாய், "இருக்கட்டும் சாமி" என்றார். என்னைப் பார்த்தும் தலையசைத்தார். அவர் நான் சொன்னதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

ராஜம் நம்பவில்லை. துண்டுப் பை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. பட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு பச்சை வண்டிக்குப் போனாள்.

"ராஜம், புழுதி அடங்கியிருக்கே, இதுலே வாயேன்" என்றேன்.

"நீங்கோ முன்னாலே போங்கோ" என்றாள், கதவைச் சாத்திக்கொண்டே.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் சுற்றிப் போனால் ஒன்பது மைல், நேராகப் போனால் பாதிகூட ஆகாது. மணலில் சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் தண்ணீர் அவசியம். பாலத்துக்கு அப்பால் பெட்ரோல் கிடையாது. நல்ல ரோடுதான் உங்கள் வழி, கையில் நல்ல டிரைவரும் இருக்கிறார் என்றால் சீமை வண்டி வாங்குங்கள். செலவு குறையும், முதுகு வலிக்காது. மணலும் மேடுமாகப் போகிறவர்கள், தானே ஓட்டுகிறவர்கள் பம்பாயில் பூட்டிய வண்டி வாங்கலாம். அதன் சாமான்கள் மவுண்ட் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. இரண்டு ஜாதி வண்டிகள் சேர்ந்து போனால் இரண்டு ஜாதி ஸ்பானரும் கூடப் போகட்டும்.

அந்தத் தோல் பையை எடுத்துக்கொள்ள நான் மறக்கவில்லை. இதை எழுதுவதற்கு முன்னால் ராஜத்திடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள், அவ்வளவுதான். நாலு வாரம் ஆகிறது. லஸ்ஸுக்குப் போவதென்றாலும் ரிக்‌ஷா வைத்துக்கொள்கிறாள்.

எந்த வண்டியை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு என் வண்டியைத் தாராளமாகக் காட்டுவேன். வாங்கிய நாளிலிருந்து அது என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. அன்று திருவான்மியூரிலிருந்து தெற்கு மாட வீதி வரை, என்னைத் தவிர ஒருவரும் இல்லாமல், ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடிற்று. பாலத்தின்மேல் ஒரு தடவையாவது அது நின்று தொலைக்கக் கூடாதா, பின்னால் வருகிறவர்கள் இறங்கி வந்து என்னவென்று கேட்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.