ஆர்விட் வீட்டுச் சரளைக்கல்

மிச்சிகனின் வடகோடியில், தோட்ட டிராக்டரின் முன்னால் மாட்டும் பனி வாரும் இயந்திரங்களை விற்பவன் நான். ஆர்விட்டைப் போலொரு பிடிவாதக்காரனைப் பார்த்ததே இல்லை. அவன் வீட்டுப் பாதை முழுக்கச் சரளைக்கல். அவனுடைய சிங்கிள் ஸ்டேஜ் இயந்திரம் தரையைச் சுரண்டி, பனியோடு கல்லையும் புல்வெளியில் வீசிவிடும்.

“டேய் கஞ்சப்பயலே, டூ ஸ்டேஜ் வாங்கு. தரையை விட்டுத் தூக்கி வச்சு ஓட்டலாம். பனியை மட்டும் வாரி, பின்னால இருக்கிற விசிறி வீசிடும்” என்று கத்துவேன்.

“இருக்கிறதே போதும்டா” என்பான்.

பனி உருகிய ஏப்ரலில் அவனும் மனைவி லெம்பியும் ஆளுக்கொரு வாளியோடு புல்லில் கல் பொறுக்குவார்கள். “கல்லு பொறுக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?” என்று அவள் போடும் சத்தம் சாலைவரை கேட்கும். அவன் சிரிப்பான். பிறகு இருவரும் படியில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்பார்கள்.

போன இலையுதிர்காலத்தில் லெம்பி இறந்துபோனாள். மறுமாதமே ஆர்விட் தானாக வந்து, பழையதைக் கொடுத்துவிட்டு டூ ஸ்டேஜ் வாங்கிப்போனான். ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் அவன் வீட்டுக்குப் போனேன். புல்லில் ஒரு கல்கூட இல்லை. ஆர்விட் காலி வாளியோடு நின்றிருந்தான்.

“என் பழைய மெஷினை வித்துட்டியாடா?” என்றான்.