டப்பாவில் எழுதாத பத்தியம்

கொல்லிமலையில் யார் மருந்தை நீட்டினாலும் நாங்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, பத்தியத்தை. எதைத் தின்னக்கூடாது என்று சொல்லாவிட்டால் அது மருந்து என்றே நம்ப மாட்டோம். சேலத்திலிருந்து மச்சினன் திராட்சை விதைச் சத்து மாத்திரை டப்பாவோடு வந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

"பத்தியமே கெடையாதுங்க மச்சான். முழுக்கச் செடியில எடுத்தது. ஒடம்புல துரு ஏறாமப் பாத்துக்கும்."

துரு என்றதும் அவன் பேச்சில் விழுந்துவிட்டேன். நெஞ்சுவலி வந்து ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த ஆள் நான். உள்ளே இருப்பது கம்பிதானே, துருப்பிடித்தால்? ஆனாலும் பத்தியமில்லாமல் விழுங்க மனம் வரவில்லை. நானே ஒன்று வைத்துக்கொண்டேன்: கருவாடு கிடையாது. என் தியாகத்தைப் பார்த்து அந்த மாத்திரைக்கே கண் கலங்கியிருக்கும்.

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது முகம் மழித்தேன். தாடையில் சின்னக் கீறல்தான். ரத்தம் நிற்கவே இல்லை. கல்யாணத்தை விட்டுவிட்டு, பஞ்சை அழுத்தியபடி மாத்திரை டப்பாவோடு பஸ் ஏறி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்ட அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினேன். கண்டக்டர் பதறினார்.

"ஏனுங்க, கரடி கீறிப்போடுச்சுங்களா?"

"இல்லீங்க, கல்யாணக் களை."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "கால் வீக்கத்துக்குச் சிலருக்கு இது கொஞ்சம் உதவலாங்க. ஆனா ரத்தம் உறையாம இருக்க நீங்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறீங்க. ரெண்டும் சேந்தா ரத்தம் நிக்கறது கஷ்டம். அந்த மாத்திரைய விட்டுராதீங்க, இத நிறுத்துங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"செடிதானேங்கன்னு இருந்துட்டேன். அப்பக் கருவாடு சாப்பிடலாங்களா?"

"உப்பு. அதுவும் வேண்டாம்."

திரும்ப மலையேறி, தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனால், வாசலில் மச்சினன் மாத்திரை விற்கக் கூட்டம் போட்டிருந்தான். முதல் டப்பாவை வாங்கிக்கொண்டிருந்தவர் மாமனார். அவருக்கும் என்னுடைய அதே ரத்த மாத்திரை.

"மச்சானே சாப்பிடறாரு, கேட்டுப்பாருங்க!" என்றான் மச்சினன்.

பேசாதே என்று, எனக்கு முன்பே அங்கே வந்திருந்த மனைவி கண்ணால் சொன்னாள். அந்த வீட்டில் சோற்றுக்கு மட்டுமே வாயைத் திறக்கும் மாப்பிள்ளை நான். அன்று பேச்சுக்கும் திறந்தேன்.

"இதுக்குப் பத்தியம் இருக்குதுங்க மாமா, டாக்டரே சொன்னாரு. ரத்த மாத்திரையோட சேரக்கூடாது. வேற மாத்திரை சாப்பிடறவங்களும் ஆபரேசனுக்குப் போறவங்களும் டாக்டரைக் கேக்காமத் தொடக்கூடாது."

பத்தியம் என்ற சொல் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்தது. மாமனார் டப்பாவை மகன் கையில் திணித்தார்.

"பத்தியஞ் சொல்லாமயா சாமி மருந்து குடுத்த?"

"இனி உங்க ஊட்டுப் படிய மிதிக்க மாட்டேன்!" என்று மச்சினன் என்னைப் பார்த்துக் கத்தினான்.

மிதிக்காமல் போகட்டும். அடுத்த கூட்டம் வாசலூர்பட்டியிலாம். முன்வரிசையில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன பத்தியம்?" என்று கேட்கத்தான் போகிறேன். கருவாட்டையே விட்டவன், மச்சினனுக்கா பயப்படுவேன்?