போர் மண்ணில் கிடைத்த கிளிஞ்சல்

தொல்லுயிர்ப் படிமங்களைத் தேடும் எங்கள் குழுவில் முறையாகப் படித்தவர் ஒரே ஒரு நிலவியலாளர்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல்களில் பாறையே கிடையாது. ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது வெளிவரும் மண்ணை அலசினால், பழங்காலக் கடலின் கடுகளவு கிளிஞ்சல்கள் கிடைக்கும் என்று சொன்னவர் அவர்தான்.

"யாரு வயல், எத்தனை அடின்னு டப்பாவுல எழுதிடுங்கம்மா" என்பார். எழுதிக் கொடுத்தேன். ஊரில் வீடு வீடாக அவரை அழைத்துப் போனதும் நான்தான்.

குறுவை நடவு நேரத்தில், எரிவாயுக் கம்பெனி ஜீப் ஒன்று, எங்கள் வயல்களில் கிணறு தோண்ட இடம் குறித்துக் கல் நட வந்தது. முன்சீட்டில் அவர்!

"கிளிஞ்சலை வச்சுத்தான் கீழ என்ன அடுக்கு, எங்க கேஸ் இருக்கும்னு கண்டுபிடிக்கிறோம். உங்க டப்பாவெல்லாம் ரொம்ப உதவியா இருந்துச்சும்மா" என்று சிரித்தார்.

ஊரே மறித்து ஜீப்பைத் திருப்பி அனுப்பியது. நிலம் தப்பியது. ஆனால் பக்கத்து வயல் மாமா, "நீதானேம்மா கூட்டிக்கிட்டு வந்தே?" என்று கேட்டார்.

இப்போதும் மண் அலசுகிறேன். டப்பாவில் ஆழம் மட்டுமே எழுதுகிறேன். யாருடைய வயல் என்பதை எழுதுவதில்லை. குழுவில் யாராவது பார்க்கக் கேட்டால், "நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்ட பிறகுதான் மூடியைத் திறக்கிறேன்.