துண்டித்த பிறகும் வந்த செய்தி

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. போன மே மாதம் திருப்பதியில் எனக்கே நடந்தது. நள்ளிரவு இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி.

என் பெயர் நந்திதா. சொந்த ஊர் நகரி. திருப்பதியில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருந்தேன். எனக்கு மேலே மொட்டைமாடி மட்டும்தான். வேலை சாஃப்ட்வேர். ஓய்வு நேரத்தில், ஒரு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் பழைய நிரலைத் திருத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர்கள் ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ள அந்தக் காலத்தில் எழுதிய நிரல். இப்போது அதைப் பயன்படுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அதில் ஒரு பழுது இருந்தது. இணைப்பைத் துண்டித்த பிறகும் பழைய செய்தியின் மிச்சம் நினைவகத்தில் தங்கிவிடும். புதிதாக வந்ததுபோல ஒருமுறை திரையில் தெரியும். அதைச் சரிசெய்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் நிஜ ரேடியோவில் ஓட்டிக் காட்டவேண்டும். இல்லையென்றால் கெர்னலைப் பராமரிக்கிறவர்கள் அந்தப் பகுதியையே தூக்கிவிடுவார்கள். என் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

மறுமுனையில் கோவர்த்தனன் அண்ணா. புத்தலப்பட்டில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். என்னைப்போலவே ரேடியோவில் செய்தி அனுப்ப லைசென்ஸ் உள்ளவர். மதியத்திலிருந்து அவரோடு இணைப்பதும், செய்தி அனுப்புவதும், துண்டிப்பதுமாக இருந்தேன். எல்லாம் சரியாகவே போனது.

மேற்கே வானம் கறுத்தது. கரண்ட் போனது. லேப்டாப்பும், மொட்டைமாடி ஆன்டெனாவோடு இணைத்திருந்த ரேடியோவும் பேட்டரியில் ஓடின.

கடைசியாக ஒருமுறை துண்டித்தேன். திரை காலியானது.

டிங்.

ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல். 'போவாத.'

என் திருத்தம் தோற்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அண்ணா அந்தச் சொல்லை அதுவரை அனுப்பியதே இல்லை. மிச்சம் என்றால்... எதனுடைய மிச்சம்?

மறுபடி துண்டித்தேன்.

டிங்.

'மேல போவாத.'

அப்போது போன் அடித்தது. கோவர்த்தனன் அண்ணா என்று பெயர் காட்டியது.

"அண்ணா, நீங்க இன்னாச்சும் அனுப்பினீங்களா?"

"இல்ல நந்திதாம்மா. நீ கட் பண்ணதுமே ரேடியோவ அணைச்சிட்டேன்."

திரையை மறுபடி பார்த்தேன்.

"அப்போ இது யாரு?"

"யாரும் இல்ல. உன் பழைய பழுதுதான். ஆன்டெனா ஒயரும் கழண்டு கீது போல. மழ வர்றதுக்குள்ள மேல போயி புடிச்சிப் பாரு."

அவர் குரல்தான். அதே இழுப்பு. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தோப்பில் காற்றுகூட இல்லை...

போனைக் காதில் வைத்தபடியே படி ஏறினேன்.

"போய்க்கினு கீறியா?"

"ம்."

மொட்டைமாடியின் இரும்புக் கதவு. தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

கீழே, என் அறையில்...

டிங். டிங். டிங். டிங்.

"அத கண்டுக்காத. கதவத் தொற."

மிச்சம் என்றால் ஒருமுறைதான் வரும். இப்படி விடாமல் வராது.

இதை யாரோ அனுப்புகிறார்கள்.

கையை எடுத்தேன். கீழே ஓடினேன்.

வெள்ளை வெளிச்சம். காது அடைத்தது. கதவிடுக்கில் தீப்பொறி பறந்தது. கருகிய நாற்றம்.

அறையில் ரேடியோ புகைந்துகொண்டிருந்தது.

போன் இன்னும் கையில் இருந்தது. அழைப்பு துண்டாகவில்லை.

"மேல போனியா?"

அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

"போனியா... இல்லியா?"

மூச்சு விடாமல் நின்றேன்.

அழைப்பை அதுவே துண்டித்துவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கோவர்த்தனன் அண்ணா வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க தோப்புல இடி வுழுந்து தென்னமரம் எரிஞ்சிச்சு நந்திதாம்மா. அப்புறம் மேகம் உன் பக்கம் நகந்திச்சு. நீ ஆன்டெனாவக் கழட்ட மேல போவியோன்னு பயம். நாலு மணிலேர்ந்து டவரே இல்ல, போன் பண்ண முடியல. பேட்டரியில ரேடியோவப் போட்டு, மறுபடி மறுபடி கனெக்ட் பண்ணி அனுப்பிக்கினே இருந்தேன். நீ கட் பண்ணிக்கினே இருந்தே."

என் போனை நீட்டினேன். முந்தின நாள் வந்த அழைப்பு. அவர் பெயர், அவர் எண். ஆனால் அவர் போனிலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் போயிருக்கவில்லை.

என் நிரலில் பழுது எதுவும் இல்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தேன். சாவி வாங்க வந்த வீட்டுக்காரம்மா சுலோச்சனாவிடம் போன் வந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"உனுக்குமா?" என்றார்.

எனக்கு முன்னால் அந்த அறையில் யஸ்வந்த் என்று ஒரு பையன் இருந்தானாம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன், அதே மே மாதம், மொட்டைமாடியில் இடி விழுந்து இறந்துபோனான்.

"படியில என்னத் தாண்டித்தான் போனான். காதுல போனு. இந்த மழையில எங்கடா போறேன்னு கேட்டேன். 'எங்க அக்கா லைன்ல கீறா ஆன்ட்டி. சரியா கேக்கல, மேல வான்னு சொல்றா'ன்னான்."

சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டார்.

"அந்த நேரத்துல அவங்க அக்கா வேலூர் ஆஸ்பத்திரில, ஆப்ரேசன் டேபிள்ள, மயக்கத்துல கீதும்மா."